இரவல் ரன்டைம் இலவசம் அல்ல

"சொந்தமாக ரன்டைம் எழுதுவது வீண் வேலை. ஜேவிஎம் இருக்கிறது, அதன்மேல் ஏற்றிவிடு." புதிதாக ஒரு நிரல்மொழி செய்யப் புறப்படும் எவர் காதிலும் விழும் முதல் அறிவுரை இது. சிறுசேரியிலும் மகேந்திரா சிட்டியிலும் வேலை முடித்து இரவு திருக்கழுக்குன்றம் திரும்பும் மென்பொருள்காரர்கள் இதைச் சொல்கிறார்கள். செங்கல்பட்டு வட்டாரத்துப் பொறியியல் கல்லூரிகளுக்கு இறுதியாண்டு புராஜெக்ட் வைவா நடத்த வரும் வெளித்தேர்வாளர்கள் சொல்கிறார்கள். மொழி எந்த வகை என்று கேட்டுவிட்டுச் சொன்னால் மறுக்க மாட்டேன். கேட்காமலே சொல்கிறார்கள். ஹாஸ்கல் போன்ற லேசி மொழியைச் செய்பவனுக்கும் அதே அறிவுரைதான் தரப்படுகிறது. லேசி மொழிக்கு அந்த அறிவுரை தவறு. அதைக் கேட்டு நடந்தவர்கள் பட்ட பாடும் பதிவில் இருக்கிறது.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு பலத்தோடு முதலில் வைத்துவிடுகிறேன். மொழி செய்யும் வேலை கம்பைலரோடு முடிவதில்லை. நிரல் ஓடும்போது நினைவகத்தை ஒதுக்க வேண்டும்; பயன் முடிந்ததைத் திரும்ப எடுக்க வேண்டும்; த்ரெட்களை நடத்த வேண்டும்; பிழை நேர்ந்தால் பிடிக்க வேண்டும். இவற்றைச் செய்வதே ரன்டைம். ஜாவா நிரல்களை ஓட்டும் ஜேவிஎம் இந்த வேலைகளில் முப்பது ஆண்டு தேர்ச்சி பெற்றது. ஓடும் நிரலைக் கவனித்து, அடிக்கடி ஓடும் பகுதிகளை இயந்திர மொழியாக மாற்றும் ஹாட்ஸ்பாட் அதில் இருக்கிறது. தரவுத்தளம் முதல் பிடிஎஃப் வரை எதற்கும் ஜாவா நூலகம் உண்டு. ஒரு வங்கியின் சர்வரில் புதிய ரன்டைமை நிறுவ அனுமதி வாங்குவது பெரும்பாடு. ஜார் கோப்பு என்றால் யாரும் மறிப்பதில்லை. 2004இல் ஸ்காலா, 2007இல் குளோஜர், 2016இல் கோட்லின் 1.0 என்று வரிசையாக வந்த மொழிகள் இந்த வழியில் வந்துதான் நிலைத்தன.

இவை அத்தனையும் உண்மை. ஆனால் ஸ்காலாவும் குளோஜரும் கோட்லினும் அடிப்படையில் ஜாவா கணக்கிடும் முறையிலேயே கணக்கிடுகின்றன. ஒரு ஃபங்ஷனை அழைக்குமுன் அதற்குத் தர வேண்டிய மதிப்புகளைக் கணக்கிட்டு முடித்துவிடுகின்றன; இதை ஸ்ட்ரிக்ட் முறை என்பார்கள். குளோஜரில் லேசி வரிசைகள் உண்டு என்றாலும் அது நூலகம் தரும் வசதி. மொழியின் விதி ஜாவாவின் விதியே. ஹாஸ்கலில் விதி தலைகீழ். ஒரு மதிப்பு வேண்டும் என்று யாராவது கேட்கும்வரை எதுவும் கணக்கிடப்படாது; லேசி என்பது இதைத்தான். செய்ய வேண்டிய கணக்கு, தனக்குத் தேவையான உள்ளீடுகளைப் பிடித்தபடி ஒரு சிறு பொருளாக நினைவகத்தின் ஹீப் பகுதியில் காத்திருக்கும். அதற்குத் தங்க் என்று பெயர். கேட்டதும் ஓடும், விடையைத் தன் இடத்திலேயே எழுதிவைக்கும், மறுமுறை கேட்டால் விடையை மட்டும் தரும். முடிவில்லாத பட்டியலை எழுதி முதல் பத்தை மட்டும் எடுப்பதும், நிரலைச் சிறு சிறு துண்டுகளாக எழுதி வீண் வேலை நேருமோ என்ற அச்சமின்றி இணைப்பதும் இதனால்தான் முடிகிறது. சாதாரண நிரல் ஒன்று ஓடும்போதே கோடிக்கணக்கில் தங்க்கள் பிறந்து மறையும். மூன்று ஸ்ட்ரிக்ட் மொழிகளின் வெற்றியைக் காட்டி, இப்படி ஓடும் மொழிக்கு வழி சொல்வது செல்லாது. ஏன் என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

1. அழைத்த ஃபங்ஷனிடம் திரும்பாமல் முன்னே போக ஜேவிஎம்மில் வழி உண்டா?

இல்லை. ஜாவாவுக்கு அது பெரிதாகத் தேவைப்படவில்லை. திரும்பத் திரும்பச் செய்ய அதில் லூப் இருக்கிறது. ஹாஸ்கலில் லூப் கிடையாது. ஒரு ஃபங்ஷன் தன் கடைசி வேலையாக இன்னொன்றை அழைத்து, தன் இடத்தை அதற்கே விட்டுக்கொடுத்துப் போவதுதான் அங்கே லூப். இதை டெயில் கால் என்கிறோம். இயந்திர மொழியில் இது ஒரே ஒரு தாவல் கட்டளை. ஜேவிஎம்மின் பைட்கோடிலோ ஒரு மெத்தடிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் கட்டளையே இல்லை. அழைக்கலாம், திரும்பலாம், அவ்வளவே. ஒவ்வொரு அழைப்பும் ஸ்டாக்கில் ஒரு சட்டகத்தை ஏற்றும்.

இதற்கு மாற்றாக டிராம்போலின் என்ற உத்தியைச் சொல்வார்கள். அடுத்து ஓட வேண்டிய ஃபங்ஷனை நேரே அழைக்காமல், ஒரு பொருளாகச் சுற்றித் திருப்பித் தர வேண்டும். வெளியே ஒரு சிறு லூப் அதை வாங்கி ஓட்டும். ஸ்டாக் வளராது என்பது சரி. ஒரு தாவலுக்கான இடத்தில் ஒரு பொருள், ஒரு திரும்பல், ஒரு மறு அழைப்பு என்று மூன்று வேலைகள் நடக்கும். எந்தெந்த அழைப்புகளுக்கு இந்த விலையைக் கொடுப்பது என்பது கம்பைலர் எழுதுபவனின் தீராத கவலையாகிவிடும்.

டெயில் கால் மட்டுமே பிரச்சினை என்றும் இல்லை. ஒன்று முதல் ஒரு கோடி வரை உள்ள எண்களை இடமிருந்து கூட்டும் எளிய ஹாஸ்கல் நிரலை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பைலர் எதையும் மேம்படுத்தாவிட்டால் அது கூட்டாது. கூட்ட வேண்டும் என்று குறித்துக்கொண்டே போகும். ((((0 + 1) + 2) + 3) + 4) என்று ஒரு கோடி அடுக்குத் தங்க் சங்கிலி ஹீப்பில் நிற்கும். விடையைக் கேட்டதும் வெளி அடைப்புக்கு உள் அடைப்பின் மதிப்பு வேண்டும், அதற்கு அதன் உள் அடைப்பின் மதிப்பு வேண்டும் என்று கணக்கு இறங்கிக்கொண்டே போகும். 64 பிட் லினக்ஸில் ஜேவிஎம் த்ரெட் ஒன்றுக்கு இயல்பாகத் தரும் ஸ்டாக் 1 எம்பி. ஒரு கோடியை எட்டும் முன்பே, அதில் மிகச் சிறு பகுதியிலேயே, ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்று திரையில் விழும். ஹாஸ்கலின் முதன்மைக் கம்பைலரான ஜிஎச்சியில் ஸ்டாக்கும் ஹீப்பில் வாழும் ஒரு பொருள். தேவைக்கேற்பத் துண்டு துண்டாக வளரும். கணினியின் நினைவகத்தில் 80 விழுக்காடு வரை போக அதற்கு இயல்பான அனுமதி உண்டு. தேர்ந்த கம்பைலர் இந்தச் சங்கிலியை முன்கூட்டியே கண்டு நீக்கிவிடுமே என்றால், இந்த ஒன்றை நீக்கும். எல்லாச் சங்கிலிகளையும் கண்டுபிடிக்க எந்தக் கம்பைலராலும் ஆகாது. அப்படித் தப்பிய ஒன்றைத் தாங்கும் பொறுப்பு ரன்டைமுடையது.

டாட்நெட் என்ற இன்னொரு ரன்டைமில் டெயில் கால் கட்டளை இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: இருக்கிறது, அந்த ஒரு புள்ளியில் அது ஜேவிஎம்மை விட மேல். ஜாவாவின் லூம் திட்டமும் டெயில் காலைத் தன் இலக்குகளில் ஒன்றாகச் சொல்லித்தான் தொடங்கியது. 2023இல் ஜாவா 21உடன் விர்ச்சுவல் த்ரெட் வந்தது. டெயில் கால் வரவில்லை. இரவல் வாங்கியவன் காத்திருக்கலாம், கட்டளையிட முடியாது.

2. கார்பேஜ் கலெக்டர் இலவசம் என்கிறீர்களே, அது எந்த மொழியை மனதில் வைத்துச் செய்த கலெக்டர்?

ஸ்ட்ரிக்ட் மொழியில் கார்பேஜ் கலெக்டரின், அதாவது ஜிசியின், வேலை தெளிவானது: எட்ட முடிகிற பொருளை வைத்துக்கொள், எட்ட முடியாததை அகற்று. லேசி மொழிக்கு இது போதாது. அங்கே இன்னும் கணக்கிடாத தங்க் ஒவ்வொன்றும் தன் உள்ளீடுகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எட்ட முடிகிற ஒன்று இனி ஒருபோதும் தேவைப்படாததாகவும் இருக்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டு. பெரிய கோப்பு ஒன்றை ஒரு குறியீடு வரும் இடத்தில் முன்பாதி, பின்பாதி என்று ஓர் இணையாகப் பிரிக்கிறோம். முன்பாதியை எழுத்தெழுத்தாக அச்சிட்டுவிட்டுப் பின்பாதிக்குப் போக வேண்டும். அச்சிட்ட எழுத்து இனி வேண்டாம். ஜிசி அதை அகற்றலாம் என்றுதான் நினைப்போம். ஆனால் பின்பாதி என்பது இன்னும் ஓடாத ஒரு தங்க். "அந்த இணையின் இரண்டாவது உறுப்பை எடு" என்பதே அதன் வேலை. ஆகவே அது இணையைப் பிடித்திருக்கிறது. இணை முன்பாதியின் தலையைப் பிடித்திருக்கிறது. தலை, அச்சிட்டு முடித்த அத்தனை எழுத்துகளையும் பிடித்திருக்கிறது. நிரலில் ஒரு பிழையும் இல்லை. நினைவகம் மட்டும் கோப்பின் அளவுக்கு வீங்கும். 1987இல் ஃபிலிப் வாட்லர் இதற்குத் தீர்வு சொன்னார்: குப்பை அள்ளும்போது இப்படிப்பட்ட தங்க்கை ஜிசி கண்டால், அது எடுக்க வேண்டிய இணை ஏற்கெனவே கணக்கிடப்பட்டிருந்தால், அந்த இடத்திலேயே உறுப்பை எடுத்துக் கொடுத்துவிட வேண்டும். அதாவது ஜிசி நிரலின் ஒரு சிறு பகுதியைத் தானே ஓட்ட வேண்டும். ஜிஎச்சியின் ஜிசி இதைச் செய்கிறது. ஜேவிஎம்மின் ஜிசியிடம் இதைச் செய் என்று சொல்ல மொழி எழுதுபவனுக்கு வாசலே கிடையாது.

கணக்கிட்டு முடித்த தங்க் விடையைச் சுட்டும் வெறும் சுட்டியாக மாறிவிடுகிறது. ஜிஎச்சியின் ஜிசி ஒவ்வொரு சுற்றிலும் இந்த இடைச் சுட்டிகளை நீக்கி, விடையை நேரே இணைத்துவிடும். ஜேவிஎம்மில் அவை முழுப் பொருள்களாகவே நின்று இடத்தை அடைக்கும். தங்க் ஓடத் தொடங்கியபின் அது பிடித்திருந்த உள்ளீடுகளை விட்டுவிடவும் வேண்டும். இல்லாவிட்டால் நீண்ட பட்டியலின் தலை, பட்டியல் முழுதும் வாசித்து முடியும்வரை அகலாது. ஜேவிஎம்மில் ஒவ்வொரு உள்ளீட்டையும் கைப்பட வெறுமையாக்கும் கட்டளைகளைக் கம்பைலரே எழுதித் தர வேண்டும். நூலக அளவில் லேசித்தன்மை வைத்திருக்கும் குளோஜர்கூடப் பயன் முடிந்த லோக்கல் மாறிகளை அழிக்கும் ஏற்பாட்டைத் தன் கம்பைலரில் வைத்திருக்கிறது. லேசி மொழியில் ஜிசி என்பது மொழியின் பொருளோடு பிணைந்த உறுப்பு. அதை வேறொரு மொழியிடமிருந்து இழப்பின்றி வாங்கிப் பொருத்த முடியாது.

3. ஹாட்ஸ்பாட் வேகமாக்கிவிடும் என்பவர்கள், அது எதை வேகமாக்கும் என்று பார்த்தார்களா?

ஓர் அழைப்பு நடக்கும் இடத்தில் எந்தெந்த வகைப் பொருள்கள் வருகின்றன என்பதை ஹாட்ஸ்பாட் கவனிக்கும். ஒன்று அல்லது இரண்டு வகை மட்டும் வந்தால், அழைக்கப்படும் மெத்தடை அந்த இடத்திலேயே பதித்து, மேலும் மேலும் செதுக்கும். அதன் வேகத்தின் பெரும்பங்கு இந்தப் பதித்தலிலிருந்து வருகிறது. லேசி மொழியில் மிக அதிகம் நடக்கும் அழைப்பு "இந்தத் தங்க்கைக் கணக்கிடு" என்பது. அந்த ஓர் இடத்துக்கு நிரலில் உள்ள எந்தத் தங்க்கும் வரலாம். ஒவ்வொன்றின் கணக்கும் வேறு என்பதால் ஒவ்வொன்றும் தனி வகை. ஹாட்ஸ்பாட்டின் ஊகம் அங்கே பொய்த்துவிடுகிறது. பொருள் மெத்தடை விட்டு வெளியே போகாது என்று உறுதியானால் ஹீப்பில் ஒதுக்காமலே விட்டுவிடும் உத்தி ஒன்றும் அதனிடம் உண்டு. பின்னால் யாரோ கேட்பதற்காகப் பிறக்கும் தங்க் வெளியே போவதற்காகவே பிறப்பது. அந்த உத்தியும் கைகொடுக்காது.

ஜிஎச்சி என்ன செய்கிறது? 64 பிட் கணினியில் ஹீப் முகவரிகளின் கடைசி மூன்று பிட்கள் எப்போதும் வெறுமையாக இருக்கும். அந்த இடத்தில் "இது ஏற்கெனவே கணக்கிடப்பட்டது, இன்ன வடிவம்" என்ற குறிப்பை எழுதிவைக்கிறது. சைமன் மார்லோவும் அலெக்ஸி யாகுஷேவும் சைமன் பெய்ட்டன் ஜோன்ஸும் 2007இல் இதை விளக்கினார்கள். நினைவகத்தைத் தொடாமல், சுட்டியைப் பார்த்த மாத்திரத்தில் விடை தயாரா என்று தெரிந்துவிடும். ஜேவிஎம்மில் சுட்டியின் பிட்களை நிரல் தொடக் கூடாது. ஒவ்வொரு முறையும் பொருளுக்குள் போய்ப் பார்த்தாக வேண்டும். அந்தப் பொருளும் கனமானது: ஹாட்ஸ்பாட்டில் நெடுங்காலம் ஒவ்வொரு பொருளின் தலைப்புக்கும் குறைந்தது 12 பைட் போனது, ஜிஎச்சியில் தலைப்பு 8 பைட். ஜாவா 25இல் தலைப்பை 8 பைட்டாகச் சுருக்கும் வழி வந்திருப்பது நல்ல செய்திதான். லேசி மொழிக்கு அது 1990களிலேயே தேவைப்பட்டது.

4. நூலகங்கள் யாருக்காக எழுதப்பட்டவை?

ஜாவா நூலகம் எதுவும் தங்க்கை எதிர்பார்ப்பதில்லை. அதனிடம் ஒரு பட்டியலைத் தர வேண்டுமென்றால் முதலில் முழுதாகக் கணக்கிட்டு, அதன் உறுப்புகளையும் உள்வரை கணக்கிட்டு, ஜாவாவின் வடிவத்துக்கு மாற்றித் தர வேண்டும். திரும்பி வருவதையும் அப்படியே மாற்ற வேண்டும். முடிவில்லாத பட்டியலைத் தெரியாமல் தந்துவிட்டால் நிரல் நிற்காது. ஜாவா நூலகத்தின் ஃபங்ஷன் பெரும்பாலும் எதையாவது மாற்றும், எதையாவது எழுதும். எப்போது ஓடும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத மொழியிலிருந்து அதை அழைக்கும்போது வரிசையைக் காப்பது உங்கள் தலையில் விழும்.

இலவசமாகக் கிடைத்தது இது. இழந்தது என்ன? ஹாஸ்கலுக்கென்று ஏற்கெனவே எழுதப்பட்ட நூலகங்களில் பல உள்ளுக்குள் சி மொழி நிரல்களை அழைப்பவை. பல ஜிஎச்சியின் உள்ளமைப்பை நம்பியவை. ஜேவிஎம்முக்கு வந்தால் அவற்றை ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டும். பெங்களூரின் டைப்லீட் நிறுவனம் ஹாஸ்கலை ஜேவிஎம்மில் ஓட்ட ஈட்டா என்ற மொழியைச் செய்தபோது, ஹாஸ்கல் நூலகங்களுக்கான திருத்தங்களைச் சேர்த்துவைக்கவே தனிக் களஞ்சியம் ஒன்றை நடத்த வேண்டியிருந்தது. ஒரு கதவைத் திறக்க இன்னொரு கதவைச் சாத்திக்கொள்வதை இலவசம் என்று கணக்கெழுதக் கூடாது.

5. ஓடிக்கொண்டிருக்கும் கணக்கைப் பாதியில் நிறுத்த வேண்டுமென்றால்?

ஹாஸ்கலில் ஒரு த்ரெட் இன்னொன்றை எந்த நேரத்திலும் நிறுத்தலாம். "இரண்டு நொடிக்குள் விடை வராவிட்டால் விட்டுவிடு" என்று எழுதுவது ஒரு வரி. அப்படி நிறுத்தும்போது பாதி ஓடிய தங்க்கை ஜிஎச்சி தூக்கி எறிவதில்லை. அது எங்கே நின்றதோ அந்த ஸ்டாக் பகுதியை அப்படியே உறைய வைத்து ஹீப்பில் சேர்த்துவிடும். பின்னால் வேறு யாராவது கேட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஸ்டாக் தன் கையில் இருப்பதால்தான் அதனால் இது முடிகிறது. ஜேவிஎம்மில் த்ரெட்டை வலிந்து நிறுத்தும் வசதியை ஜாவா 1.2 காலத்திலேயே ஆபத்து என்று ஒதுக்கிவைத்தார்கள். ஜாவா 20 முதல் அதை அழைத்தால் மறுப்பு மட்டுமே கிடைக்கும். ஜாவாவுக்கு அது சரியான முடிவு. பகிர்ந்த பொருளைப் பாதி மாற்றிய நிலையில் நிறுத்தினால் ஜாவா நிரல் கெடும். தங்க்கில் அந்தக் கேடு இல்லை. ஆயினும் ஜாவாவின் அச்சத்துக்காக லேசி மொழி தன் வசதியை இழக்க வேண்டும்.

6. இந்த வழியில் போனவர்கள் எங்கே நிற்கிறார்கள்?

எதிர்த்தரப்பு பேச விரும்பாத கேள்வி இது. 1990களின் இறுதியில் டேவிட் வேக்லிங் ஹாஸ்கலை ஜேவிஎம் பைட்கோடாக மாற்றிப் பார்த்தார். பின்னர் ஜிஎச்சிக்கு ஜேவிஎம் வழி தேடிய லாம்ப்டாவிஎம் வந்தது. இங்கோ வெக்சுங் ஹாஸ்கலைப் போன்ற ஃப்ரேகா மொழியைச் செய்து, அதன் கம்பைலரையும் ஃப்ரேகாவிலேயே எழுதினார். 2016 வாக்கில் ஜிஎச்சிவிஎம் என்ற பெயரில் தொடங்கி ஈட்டாவாக மாறியது டைப்லீட்டின் முயற்சி. இவர்கள் எவர் திறமையிலும் குறையில்லை. ஈட்டாவின் நிரலைப் படித்துப் பார்ப்பவர் அதன் உழைப்பை மதிக்காமல் இருக்க முடியாது. ஆனால் ஈட்டா ஜிஎச்சி 7.10.3 என்ற பதிப்பிலிருந்து கிளைத்தது. தாய்க் கம்பைலர் 8, 9 என்று முன்னேறியபோது கிளை அதே இடத்தில் நின்றது. ஜேவிஎம்மின் இயல்போடு மல்லுக்கட்டுவதிலேயே ஒரு சிறு குழுவின் சக்தி போனால், மொழியை வளர்க்க யார் மிச்சம்?

இரவல் ரன்டைமில் நிலைத்தவையும் உண்டு. அவை நிலைத்த விதத்தைப் பாருங்கள். பியூர்ஸ்கிரிப்ட் ஹாஸ்கலின் நேர் வாரிசு, ஜாவாஸ்கிரிப்ட் மேல் ஓடுகிறது. லேசித்தன்மையை வைத்தால் கூடவே ஒரு ரன்டைமைச் சுமக்க வேண்டும் என்று அதைச் செய்தவர்கள் ஸ்ட்ரிக்ட் முறையையே தேர்ந்தார்கள். எல்மும் ஸ்ட்ரிக்ட். 2022இல் பெங்களூரில் தொடங்கிய நம்ம யாத்ரி ஆட்டோ செயலியில் இரண்டு பக்கத்தையும் ஒரே இடத்தில் பார்க்கலாம்: சர்வர் பக்கம் ஹாஸ்கல், ஜிஎச்சியின் சொந்த ரன்டைமில் ஓடுகிறது; கைப்பேசிப் பக்கத்தை ஜாவாஸ்கிரிப்ட் மேல் ஓடும் பியூர்ஸ்கிரிப்டில் எழுதினார்கள். இரவல் வாங்கிய பக்கம் லேசித்தன்மையை வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைந்தது.

2023இல் ஜிஎச்சி 9.6 ஜாவாஸ்கிரிப்டுக்கும் வெப்அசெம்ப்ளிக்கும் நிரல் உருவாக்கத் தொடங்கியதை எனக்கு எதிர்ச்சான்றாகக் காட்டுவார்கள். அது என் சான்று. வெப்அசெம்ப்ளிப் பக்கத்தில் ஜிஎச்சி தன் ரன்டைம் முழுவதையும், ஜிசி உட்பட, அப்படியே வெப்அசெம்ப்ளியாக்கிக் கூடவே எடுத்துப்போகிறது. ஜாவாஸ்கிரிப்ட் பக்கத்தில் நினைவகத்தை அகற்றும் வேலையை மட்டும் அங்குள்ள ஜிசியிடம் விட்டுவிட்டு, ஸ்டாக்கையும் த்ரெட் முறைவைப்பையும் தானே எழுதிக்கொண்டது. லேசி மொழி லேசியாகவே போய்ச் சேர்ந்த இடங்களில் எல்லாம் அதன் ரன்டைம் முழுதாகவோ பெரும்பகுதியாகவோ கூடப் போயிருக்கிறது.

7. "1980களில் தனி வன்பொருள் செய்தவர்களும் தோற்றார்களே?"

எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதம் இது. நேராகவே எதிர்கொள்ள வேண்டும். அன்று ஃபங்ஷனல் மொழிகளுக்கென்றே கணினி கட்டினார்கள். கேம்பிரிட்ஜில் ஸ்கிம், லண்டனில் ஆலிஸ், கிரிப், எம்ஐடியில் ஐஐடி கான்பூர் தந்த ஆர்விந்தின் தலைமையில் மான்சூன். சாதாரண கணினிகள் வளர்ந்த வேகத்தில் இவை பின்தங்கின. 1992இல் பெய்ட்டன் ஜோன்ஸ், ஜிஎச்சிக்கு அடிப்படையான எஸ்டிஜி இயந்திரத்தை விளக்கி எழுதிய கட்டுரையின் தலைப்பே லேசி மொழிகளைச் சாதாரண வன்பொருளில் ஓட்டுவது பற்றியதுதான். இருப்பதைப் பயன்படுத்தியவர் வென்றார், ஆகவே ரன்டைமிலும் இருப்பதைப் பயன்படுத்து என்கிறார்கள்.

"ஆகவே" என்ற சொல்லில்தான் வாதம் உடைகிறது. சாதாரண வன்பொருள் எதையும் முன்முடிவு செய்வதில்லை. ரெஜிஸ்டர் தருகிறது, நினைவகம் தருகிறது, எங்கும் தாவ விடுகிறது. ஸ்டாக் எங்கே இருக்க வேண்டும், சுட்டியின் பிட்களில் என்ன எழுதலாம், எப்போது குப்பை அள்ளலாம் என்பதெல்லாம் உங்கள் முடிவு. எஸ்டிஜி வென்றது இந்தச் சுதந்திரத்தால். ரன்டைம் என்பது இந்த முடிவுகளையெல்லாம் வேறொருவர் எடுத்து முடித்த இடம். திருக்கழுக்குன்ற மலையில் ஒருகல் மண்டபத்தைக் குடைந்தவர்களும் மாமல்லபுரத்து ரதங்களைச் செதுக்கியவர்களும் பாறை விட்ட அளவுக்குள் நின்றார்கள். கடற்கரைக் கோயிலைக் கட்டியவர்களோ வெட்டிய கல்லை அடுக்கி, உயரத்தைத் தாங்களே முடிவு செய்தார்கள். இயந்திரம் அந்த வெட்டிய கல். ரன்டைம் அந்தப் பாறை.

8. அப்படியென்றால் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதச் சொல்கிறேனா?

இல்லை. கணக்கிடும் முறையில் தலையிடாத எதையும் தாராளமாக இரவல் வாங்கலாம். ஜிஎச்சியில் 2010 முதல், இயந்திர மொழியை உருவாக்கித் தரும் எல்எல்விஎம்மை விரும்பினால் பயன்படுத்தலாம். ஜிஎச்சிக்கு வேண்டிய தனி அழைப்பு முறையை எல்எல்விஎம் தனக்குள் சேர்த்துக்கொண்டது. தாவலும் ஸ்டாக்கும் ஜிஎச்சியின் கையிலேயே இருந்தன. சி கம்பைலரை வாங்குங்கள், வெப்அசெம்ப்ளியை வாங்குங்கள், இயங்குதளத்தை வாங்குங்கள். ஸ்டாக், தங்க்கின் வடிவம், ஜிசி மூன்றையும் மட்டும் கைவிடாதீர்கள்.

இந்த மூன்றும் ஒரு தனி மனிதனுக்கு மலையா? ஜேவிஎம்மின் ஜிசிக்கு முப்பது ஆண்டு ஆனது பல ஜிபி ஹீப்பையும் பல கோர்களையும் நிறுத்தாமல் நடத்துவதற்காக. ஒரு மாணவனின் மொழிக்கு அது வேண்டாம். 1970இல் செனி சொன்ன நகலெடுக்கும் ஜிசியைச் சி மொழியில் சில நூறு வரிகளில் எழுதிவிடலாம். வாட்லரின் தீர்வை அதில் சேர்க்கவும் இடம் இருக்கும். லெனார்ட் அகஸ்ட்சன் அண்மையில் செய்த மைக்ரோஎச்எஸ் என்ற ஹாஸ்கல் கம்பைலரைப் பாருங்கள். 1979இல் டேவிட் டர்னர் காட்டிய காம்பினேட்டர் முறையில், சி மொழியில் எழுதிய சிறு ரன்டைமில் ஓடுகிறது. அதைக் கட்டி எழுப்ப ஒரு சி கம்பைலர் போதும். ஜிஎச்சியின் வேகம் அதற்கு இல்லை. ஆனால் லேசித்தன்மையில் ஒரு துளியும் அது விட்டுக்கொடுக்கவில்லை.

9. இது ஒரு தொழில்நுட்பச் சர்ச்சை மட்டும்தானா?

நம் வட்டாரத்தில் அதற்கு மேலும் ஒரு விளைவு இருக்கிறது. சிறுசேரியின் சென்னை கணிதவியல் கழகம் இளங்கலை மாணவர்களுக்கு ஹாஸ்கலில் நிரல் எழுதக் கற்றுக்கொடுக்கிறது. அங்குள்ள ஆசிரியர்களின் ஹாஸ்கல் பாடங்கள் என்பிடெல்லில் எவரும் பார்க்கக் கிடைக்கின்றன. ஐஐடி மெட்ராஸின் சக்தி பிராசசரை எழுதப் பயன்பட்ட புளூஸ்பெக் என்ற வன்பொருள் வடிவமைப்பு மொழி ஹாஸ்கலின் வழியில் வந்தது. மான்சூன் கட்டிய ஆர்விந்தும் அவரோடு இணைந்து இணையோட்ட ஹாஸ்கலை வடிவமைத்த ரிஷியூர் நிகிலும் புளூஸ்பெக்கோடு நெருங்கிய தொடர்பு கொண்டவர்கள். அகஸ்ட்சனும் அதில் பங்காற்றினார். அதன் கம்பைலர் ஹாஸ்கலிலேயே எழுதப்பட்டது, 2020இல் திறந்த மூலமாகவும் வந்துவிட்டது. இருக்கும் தளத்தின்மேல் ஏறி நின்றால் போதும் என்று அவர்கள் நினைத்திருந்தால் இந்த வரிசை தொடர்ந்திருக்காது.

அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் கம்பைலர் டிசைன் இருக்கிறது. அதில் ரன்டைம் சூழல் பற்றிய பகுதியும் இருக்கிறது. லேபிலோ லெக்ஸும் யாக்கும் செய்வதோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. ஸ்டாக் எப்படி வளர்கிறது, ஜிசி எதை எப்போது நகர்த்துகிறது என்பதைத் தன் கையால் எழுதிப் பார்த்த மாணவன் அரிது. இறுதியாண்டு புராஜெக்டில் அந்த வாய்ப்பு ஒருமுறை வரும்போது, "ஜேவிஎம்மில் ஏற்றிவிடு" என்று சொல்லி அதையும் பறித்துவிடுகிறோம். பிறகு அந்த மாணவன் பிறர் எழுதிய ரன்டைமின் எல்லைகளை இயற்கையின் விதிகள் என்றே நம்பி வளர்கிறான்.

புராஜெக்ட் வழிகாட்டிகளையும் தேர்வாளர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: லேசி மொழி ஒன்றைச் செய்ய ஒரு மாணவர் உங்களிடம் வந்தால், ரன்டைமை இரவல் வாங்கச் சொல்லாதீர்கள். ஆயிரம் வரியில் ஒரு ரன்டைமை அவரையே எழுதச் சொல்லுங்கள். அது மெதுவாக ஓடட்டும். ஒன்று முதல் ஒரு கோடி வரை கூட்டச் சொல்லுங்கள். ஸ்டாக் ஏன் தாங்கியது அல்லது ஏன் உடைந்தது என்று வைவாவில் கேளுங்கள். அந்தக் கேள்விக்குத் தன் சொந்த நிரலைத் திறந்து காட்டி விடை சொல்லத் தெரிந்தவருக்கு முழு மதிப்பெண் போடுங்கள்.